தவறணைக் கணக்கும் வகுப்பு இடாப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்குப் போனது. கூடக் கேட்டவருக்கு அந்தப் பகுதி. இலங்கையின் பெரிய பணக்காரக் குடும்பங்கள் சில எழும்பினதே சாராயக் குத்தகையால்தான். ஏலத்தொகை சதம் தவறாமல் கணக்கில் ஏறியது. குடித்தவர் வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்பதை எழுத அந்தக் கணக்கில் இடமில்லை.

1912இல் மதுவரிச் சட்டம் வந்து ஊரூராகக் கள்ளுத் தவறணைகள் திறந்தபோது மதுவிலக்கு இயக்கம் கிளம்பியது. எஃப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க எல்லாரும் அந்த மேடையில் வளர்ந்தவர்கள். பிறகு, ஒரு பகுதி மக்களே வாக்களித்துத் தங்கள் ஊர்த் தவறணையை மூடலாம் என்ற ஏற்பாடும் வந்தது. பல மூடப்பட்டன. என்னைக் கேட்டால், குடியின் தீங்கை இந்த நாட்டில் முதலில் அளந்தது அந்தப் புள்ளடிதான்.

காசில் கணக்குப் பார்க்க நூறு வருடம் சென்றது. 2015ஆம் ஆண்டுக்காக நம் நாட்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு 2018இல் வெளிவந்தது. மதுவால் வந்த செலவு ஏறத்தாழ 88.6 கோடி டொலர், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.07 சதவீதம். வைத்தியச் செலவும், நோயாலும் அகால மரணத்தாலும் இழந்த உழைப்பும் அதில் அடங்கும். பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் அடிவாங்கிய மனைவி ஆசுபத்திரிக்குப் போகாவிட்டால் அவள் அந்தக் கணக்கில் இல்லை. 2010இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வில் வேறுமாதிரிச் செய்தார்கள். குடிப்பவரை விட்டுவிட்டு, மற்றவர்களிடம் போய், அடுத்தவர் குடியால் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள்.

2017இல் கல்குடாவில் எதனோல் தொழிற்சாலைக்கு எதிராகத் தமிழரும் முஸ்லிம்களும் நின்றது ஞாபகம் இருக்கும். வரி, வேலைவாய்ப்பு என்று பேசுவது சுலபம், அதற்கு எண் இருக்கிறது. நம்மிடம் கோபம் இருந்தது, எண் இல்லை.

நம்மட சனத்தில் இது இன்னும் கஷ்டம். ஹராம் என்பதால் குடிப்பவரும் ஒளிக்கிறார், வீட்டாரும் ஒளிக்கிறார்கள். யாராவது படிவத்தோடு வாசலுக்கு வந்தால், "எங்கட வீட்டில அப்படி ஒண்டும் இல்ல" என்போம். பள்ளியில் பயான் கேட்டதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். வெட்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வெட்கத்துக்குள் ஒரு தாயும் நாலு பிள்ளைகளும் அகப்பட்டுக் கிடந்தால்?

ஆசிரியரான என்னிடம் இருப்பது வரவு இடாப்பு ஒன்றுதான். சில பிள்ளைகள், வாப்பாவின் கையில் காசு புழங்கின நாளுக்கு மறுநாள் வருவதில்லை. கேட்டால் "வயித்துவலி சேர்". இடாப்பில் அதுவும் காய்ச்சலும் ஒன்றுதான். மாத முடிவில் கூட்டி, வரவு வீதம் போட்டு அதிபரிடம் கொடுப்பேன்.

போன தவணையிலிருந்து அப்படியான நாட்களுக்கு மட்டும், பெயர் எழுதாமல், வேறொரு கொப்பியில் ஒரு கோடு போட்டு வருகிறேன். உங்கள் வகுப்பிலும் யாராவது இப்படிக் குறித்து வைத்திருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள் சேர், டீச்சர்மாரே. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எத்தனை நாள் என்று மட்டும்.