சாவி யார் கையில்?

காவிரிக் கரையிலே, விசைத்தறி ஓசை ஓயாத நமது குமாரபாளையத்திலே, நெசவாளி ஒருவன் வங்கியிலே கணக்கு வைத்திருக்கிறான்; சட்டைப் பையிலே கைபேசி வைத்திருக்கிறான். அவன் பட்ட கடனை வங்கி அறியும். யாருடன் எந்நேரம் பேசினான் என்பதைத் தொலைபேசி நிறுவனம் அறியும். "கொண்டு வா அந்தக் குறிப்பேட்டை!" என்று அரசு ஆணையிட்டால், "தர மாட்டேன்" என்று சொல்லும் துணிவு நிறுவனத்துக்கு உண்டா? வரலாற்றைக் கேட்போம், தோழர்களே!

1986-இல் ஆந்திர மாநிலம் முத்திரைச் சட்டத்தின் 73-ஆம் பிரிவைத் திருத்திற்று. மாவட்ட ஆட்சியர் அதிகாரம் அளித்தால் போதும். 'எந்த ஒரு நபரும்' வங்கிக்குள் நுழையலாம், வாடிக்கையாளர் ஆவணங்களைப் புரட்டலாம், கைப்பற்றலாம். முத்திரைக் கட்டணம் வசூலிப்பதே காரணம் என்றார்கள். காரணம் சிறிது, கதவோ பெரிது!

கனரா வங்கி எதிர்த்து வழக்காடியது. 1969-இல் நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கி அது. மைய அரசின் உடைமையே மாநில அரசின் ஆணையை எதிர்த்து நின்ற விந்தையைக் காணீர்! உயர்நீதிமன்றத்தில் தோற்ற அரசு, உச்சநீதிமன்றம் சென்றது. 2004 நவம்பரில் அங்கும் தோற்றது. வங்கியிடம் ஒப்படைத்ததனாலேயே ஒருவனது ஆவணம் அந்தரங்கத்தை இழந்துவிடாது. அந்தரங்கம் மனிதனுக்கு உரியது, இடத்துக்கு அன்று. இதுவே தீர்ப்பின் சாரம். 1976-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மில்லர் வழக்கிலே இதற்கு நேர்மாறாகக் கூறியிருந்தது. அவ்வழியை நம் நீதிபதிகள் ஏற்கவில்லை.

ஆகவே, எதிர்க்க முடியும். ஆனால் எப்போதும் முடியுமா?

2010-இல் பிளாக்பெர்ரி நிறுவனத்தை நோக்கி, "செய்திகளைக் காண வழிவிடு, இல்லையேல் சேவையை நிறுத்துவோம்" என்றது இந்திய அரசு. பேச்சுவார்த்தை நீண்டது, முடிவிலே தூதுச் செய்திகளை ஒட்டுக்கேட்க நிறுவனம் வழிசெய்து தந்தது. சந்தையை இழக்க எந்த வணிகன் விரும்புவான்? உள்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அரசு தரும் உரிமத்திலேதான் அவற்றின் உயிர் இருக்கிறது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலே வெள்ளையர் எழுதிவைத்த ஒட்டுக்கேட்கும் அதிகாரம், 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆள்பவர் மாறினர், அதிகாரம் மாறவில்லை!

2021-இல் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் எனக் காட்டச் சொல்லும் விதியை எதிர்த்து டில்லி உயர்நீதிமன்றம் சென்றது. மறைகுறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டே வெளியேற நேரிடும் என்று 2024-இல் வாதிட்டது. வீரம்தான், எனினும், வணிகனின் வீரம் இலாபக் கணக்கிலே பிறப்பது. கணக்கு மாறினால் அதுவும் மாறும்.

குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா என்பர் சிலர். பிடிக்கட்டும்! காரணத்தை எழுதிவைத்து, கேள்வி கேட்கும் அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லிப் பிடிக்கட்டும். 1996-இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கிலே உச்சநீதிமன்றம் வகுத்த நெறிகளின் நோக்கமும் இதுவே.

கனரா வங்கி வென்றது பணபலத்தாலா? இல்லை, மக்களின் உரிமை அதற்குத் துணை நின்றதால். அந்த உரிமையை 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அடிப்படை உரிமை என்றனர். நிறுவனம் பூட்டாக இருக்கலாம். சாவி உரிமையிலே இருக்கிறது. அதை உணர்ந்து காப்பது குடிமக்களாகிய நம் கடமை அன்றோ!