ஏ.சி. போட்டால் புதுச்சேரி போய்ச் சேருமா?

ஜிப்மர், தலைமைச் செயலகம் என்று காரைக்கால்மேட்டுக்காரர்கள் அடிக்கடி போகவேண்டிய ஊர் புதுச்சேரி. தூரம் சுமார் 130 கி.மீ. மின்சாரக் கார் அதுவரை தாங்குமா?

2001-ல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த ரேவா, ஒரு சார்ஜில் 80 கி.மீ. என்றது. கடலூரைத் தொடுமுன்பே நின்றிருக்கும்! அதன் ஈய-அமில பேட்டரியில் அடங்கியதே 9.6 யூனிட்தான். ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் இழுத்தாலும் பத்தில் ஒரு பங்கு காலி. வெயிலின் வேலை வேறு மாதிரி. சூட்டில் அன்றைய ஓட்டம் குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யும். ஆனால் பேட்டரியின் வெப்பம் நிரந்தரமாக 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கடைசியில் அடி விழுவது பர்ஸில்தான்.

2020-ல் டாடா நெக்ஸான் மின்கார் வந்தது. 30.2 யூனிட் லித்தியம் பேட்டரி, அதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு. சோதனைக் கணக்கில் 312 கி.மீ.; சாலையில் அவ்வளவு வராது. ஏ.சி. மின்சாரம் தின்பது தூரத்தைப் பார்த்து அல்ல, நேரத்தைப் பார்த்து. ரயில்வே கேட்டில் கார் சும்மா நின்றாலும் தின்னும். மணிக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால், மூன்று மணி நேரப் பயணத்தில் நாலரை யூனிட் போச்சு, அதாவது ஏழில் ஒரு பங்கு. போய்ச் சேரலாம். திரும்பி வரத்தான் புதுச்சேரியில் சார்ஜ் போடவேண்டும்.