இனத்தொகை அச்சமும் இடதுசாரி அரசியலும்: புதுக்கோட்டைப் புலம்பெயர்வும் இலங்கை மலையகமும்

முன்னுரை

ஒரு நாட்டின் இனவாரி மக்கள்தொகை மாறும்போது முற்போக்கு அரசியல் வலுப்பெறுமா, நலிவுறுமா என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுப்பப்படுகின்றது. இலங்கை மலையகத் தமிழர் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். எண்ணிக்கையைவிட, எண்ணப்பட்டோருள் எவர் வாக்காளர் எனத் தீர்மானிக்கும் சட்டமே அரசியலை வடிவமைத்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

புலம்பெயர்வு

கண்மாய்ப் பாசனத்தை நம்பிய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்த்தது. 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சம் இந்நிலையைக் கடுமையாக்கியது. இங்கிருந்தும் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்தும் கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7.8 இலட்சம், மொத்த மக்கள்தொகையில் 11.7 விழுக்காடு.

வாக்கும் வர்க்கமும்

1931இல் வந்த வயதுவந்தோர் வாக்குரிமை, குடியிருப்பு நிபந்தனைகளோடு தோட்டத் தொழிலாளரையும் எட்டியது. 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அப்போராட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் முன்னின்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசு 7 இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்குத் தோட்ட வாக்குகள் துணைநின்றன.

எண்ணிக்கையில் உண்டு, வாக்கில் இல்லை

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. இடதுசாரிக் கட்சிகள் அச்சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் எவரும் வெற்றி பெறவில்லை.

இதன் விளைவு அத்துடன் நிற்கவில்லை. தொகுதிகள் 75,000 மக்களுக்கு ஓர் இடம், 1,000 சதுர மைலுக்கு ஓர் இடம் என்னும் அளவில் வகுக்கப்பட்டிருந்தன. வாக்கிழந்தோரும் மக்கள் கணக்கில் சேர்க்கப்பட்டதால், கண்டிப் பகுதியின் ஊரக வாக்காளர் ஒவ்வொருவரின் வாக்கும் கூடுதல் மதிப்புப் பெற்றது. இடதுசாரிகளின் வலுவோ பெரும்பாலும் மேற்கு, தெற்குக் கரையோரத்தில் இருந்தது. ஆகவே, தோட்ட மக்களை எதிர்ப்பதால் இழப்பில்லை. ஆதரிப்பதால் பயனில்லை என்னும் தேர்தல் சூழல் உருவாயிற்று.

நிலைப்பாட்டு மாற்றம்

1964 ஜூன் மாதம் லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசில் இணைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவ்வரசு இந்தியாவுடன் செய்த உடன்பாடு, 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் குறித்த முடிவு 1974க்குத் தள்ளிப்போயிற்று. 1948இல் எதிர்த்த கட்சி 1964இல் ஆட்சியில் பங்காளியாயிருந்தது. 1981இல் இந்தியத் தமிழர் விகிதம் 5.5 விழுக்காடாகக் குறைந்தது; தாயகம் திரும்பியதோடு, தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டமையும் இதற்குக் காரணமாகும். திரும்பியோருள் பலர் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். மூதாதையர் ஊர் அவர்களுக்குப் புது ஊர்.

முடிவுரை

மக்கள்தொகை மாற்றம் முற்போக்கு அரசியலை வீழ்த்தியது என்பதற்கு இவ்வரலாற்றில் சான்றில்லை. மாறாக, எண்ணிக்கை குறித்த அச்சம் சட்டமாகி, உழைப்போரின் ஒரு பெரும்பகுதியை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. வாக்கற்ற தொழிலாளருக்காகப் பேசும் தேவை கட்சிகளுக்கும் படிப்படியாகக் குறைந்தது. புதுக்கோட்டை வட்டாரப் புலம்பெயர்வை ஆராய்வோர் வறட்சி, கங்காணி முறை ஆகியவற்றோடு இவ்வாக்குரிமை வரலாற்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.