தெஹியோவிட்ட: மண்சரிவும் கடனும்

மழை வலுக்கும் காலங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளில் கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்ட பிரதேச செயலகப் பிரிவு அடிக்கடி இடம்பெறுகின்றது. ஆபத்தான சரிவுகளில் வாழ்வோர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்கப்படுகின்றனர். தோட்டத் தொழிலாளி எங்கே செல்வார்?

அச்சரிவை அவர் தெரிவு செய்யவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையுடன் காடுகளைத் தமதாக்கிய ஆங்கிலேயர், அவற்றைத் துரைமாருக்கு விற்றனர். களனிப் பள்ளத்தாக்கில் காடு அழிந்து தேயிலையும் இறப்பரும் வந்தன. லயன்களுக்கு இடம் குறித்ததும் தோட்ட நிர்வாகமே. தொழிலாளியைக் கட்டிப்போட்டது 'துண்டு': கடன் தொகை எழுதப்பட்ட அச்சீட்டுக்குப் புதிய தோட்டம் பணம் செலுத்தினாலன்றி அவர் இடம்மாற இயலாது. 1921இல் துண்டு சட்டத்தால் ஒழிந்தது; காணியின்மை ஒழியவில்லை. 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான போதும் லயன் அறை அவருக்குச் சொந்தமாகவில்லை.

2016 மே மாதம் இதே மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து உயிர்கள் புதைந்தன. மீள்குடியேற்றத்துக்குப் பணம் வேண்டும். அரசோ 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்து, மறு ஆண்டு சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்றது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் நாடு அந்நிபந்தனைகளுக்குள்ளேயே இருந்தது.

கடன் வழங்கியோருடன் பேசும் மேசையில் லயன்களின் கணக்கையும் அரசு வைக்க வேண்டும் என்கிறோம். காணி உறுதி வழங்குவதற்கோ டொலர் தேவையில்லை.