‘பிளஷ் வந்துடும்’னு காத்திருக்கலாமா? ஒமாஹா போக்கர் கணக்கும் ‘திறமை’ வழக்கும்

திட்டக்குடி பக்கம் சீட்டுக்கட்டை எடுத்தால் ரம்மி, இல்லாவிட்டால் மங்காத்தா. உள்ளே வெளியே பார்க்கும் மங்காத்தாவில் மூளைக்கு வேலையே இல்லை. போக்கர் அப்படியில்லை என்பதுதான் ஆன்லைன் நிறுவனங்களின் வாதம். 2023 நவம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் செல்லும். ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது தீர்ப்பு.

சரி, அந்தத் திறமை எங்கே இருக்கு? ‘பாட் லிமிட் ஒமாஹா’ என்ற வகையைப் பார்ப்போம்.

ஒவ்வொருவர் கையிலும் 4 சீட்டு, மேஜையில் பொதுவாக 5. கையிலிருந்து 2, மேஜையிலிருந்து 3 எடுத்தே ஆக வேண்டும். அந்த ஐந்தும் ஆர்ட்டினாகவோ ஸ்பேடாகவோ ஒரே வகையில் அமைந்தால் பிளஷ்.

உங்கள் கையில் 2 ஆர்ட்டின், மேஜையில் முதலில் விழுந்த 3 சீட்டில் 2 ஆர்ட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஆர்ட்டின் 13, பாக்கி 9. நீங்கள் பார்க்காத சீட்டு 45. அடுத்த சீட்டே ஆர்ட்டினாக வர 20 சதவீத வாய்ப்பு. மீதி இரண்டு சீட்டையும் சேர்த்தால் சுமார் 36 சதவீதம். கையில் 3 ஆர்ட்டின் இருந்தால் சந்தோஷப்படாதீங்க. மூன்றாவது உதவாது, வர வேண்டிய 9-ல் ஒன்று குறைந்ததுதான் மிச்சம்.

இப்போது பணக் கணக்கு. நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. ‘பாட் லிமிட்’ என்பதால் எதிராளி அதிகபட்சம் 100 கட்டலாம், கட்டுகிறார். நீங்களும் 100 போட்டால் மொத்தம் 300. அதாவது மூன்றில் ஒரு தடவை ஜெயித்தால்தான் போட்டது திரும்பும். கடைசிச் சீட்டு ஒன்றுதான் பாக்கி என்றால் உங்கள் வாய்ப்போ ஐந்தில் ஒன்று. பிளஷ் விழுந்த பிறகும் எதிராளி பணம் கட்டுவார் என்றால் மட்டுமே இது கட்டுப்படியாகும். அதுவும் ஏஸ் உள்ள பிளஷாக இருக்கணும். எல்லார் கையிலும் 4 சீட்டு இருக்கும் ஆட்டத்தில் சின்ன பிளஷ், பெரிய பிளஷிடம் மாட்டுவது சகஜம்.

மிரட்டி ஜெயிக்கலாமே? அதுதான் பிளஃப். மேஜையில் 3 ஆர்ட்டின், உங்களிடம் ஆர்ட்டின் ஏஸ் மட்டும். உங்களுக்குப் பிளஷ் இல்லை. ஆனால் ஏஸ் பிளஷ் வேறு யாரிடமும் இருக்க முடியாது. மிரட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. 100 இருக்கும் இடத்தில் 100 கட்டினால், பாதித் தடவையாவது எதிராளி சீட்டைக் கவிழ்க்கணும். பத்து, இருபது ரூபாய் ஆட்டத்தில் யார் கவிழ்ப்பார்? ‘என்னதான் வெச்சிருக்கான், பார்த்துடுவோம்’ என்று போடுகிறவர்களே அதிகம். அங்கே திறமை என்பது பெரும்பாலும் பேசாமல் சீட்டைக் கவிழ்ப்பது. அப்படி ஆடினாலும், ஜெயிக்கும் பணத்தில் தளம் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும்.

2025 பிப்ரவரியில் தமிழக அரசு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்துக்குத் தடை போட்டது. அதே ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த ‘திறமை’ வாதத்தையே ஓரங்கட்டியது. திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் விளையாட்டை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

பணம் கட்டாமல் புள்ளிக்காக மட்டும் ஆடும் போக்கர் இந்தத் தடைக்குள் வராது. பிளஷ் கணக்கைப் பழக அது போதும்.