தேய்ந்துகொண்டே அளந்த தராசு

வணிகவியல் மாணவனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது எங்கள் பாடமான தேய்மானம் பற்றிய கதைதான். வாங்கிய நாளில் இருந்த மதிப்பு எந்த இயந்திரத்துக்கும் நிலைக்காது. அதைக் குறைத்து எழுதினால்தான் கணக்கு உண்மை பேசும்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், பிரான்சின் செஸ்ஸி என்ற ஊரில், பூமிக்கு 100 மீட்டர் அடியில் செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். கருவி இருக்கிறது. எல்.எச்.சி. வளையத்தில் புரோட்டான்கள் மோதும் இடங்களில் இதுவும் ஒன்று. மோதலில் பிறக்கும் எலக்ட்ரான், போட்டான் இவற்றின் ஆற்றலை அளக்க 75,848 ஈய டங்ஸ்டேட் படிகங்களை அதில் அடுக்கினார்கள். பார்க்கக் கண்ணாடி போலிருக்கும், ஆனால் இரும்பை விட அடர்த்தி. துகள் பட்டால் மினுங்கும். எவ்வளவு மினுங்கியது என்பதை வைத்து ஆற்றலைக் கணக்கிடுவார்கள். ரஷ்யாவிலும் சீனாவிலும் வளர்த்த இவற்றில் கடைசிப் படிகம் 2008 மார்ச்சில் வந்து சேர்ந்தது.

சிக்கல் இதுதான். எந்தக் கதிர்வீச்சை அளக்க வைத்தார்களோ, அதே கதிர்வீச்சு படிகத்தை மங்கச் செய்தது. மோதல் நின்றால் கொஞ்சம் தெளியும், தொடங்கினால் மறுபடி மங்கும். 2012 முடிவதற்குள் நடுப்பகுதியில் சில சதவீதமும், ஓரங்களில் சுமார் 30 சதவீதம் வரையும் ஒளி குறைந்தது. நம் பாடப்புத்தகத்துத் தேய்மானம் போல நேர்கோட்டில் குறைந்திருந்தால் கவலையே இல்லை!

இதை எதிர்பார்த்தே லேசர் ஏற்பாடு செய்திருந்தார்கள். புரோட்டான் கற்றையில் ஒவ்வொரு சுற்றிலும் சில மைக்ரோ வினாடி காலி இடம் உண்டு. அந்த இடைவெளியில் ஒளியிழை வழியே நீல லேசரை அனுப்பி, சுமார் 40 நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாப் படிகங்களையும் சோதித்தார்கள். லேசரே ஏறி இறங்கினால்? அதைக் கண்காணிக்கத் தனியாக டயோடுகள். தணிக்கையாளருக்கும் ஒரு தணிக்கையாளர்!

அப்படியும் கடைசியில் முத்திரை குத்திய எடைக்கல் ஒன்று வேண்டுமே? அதற்கு இயற்கையே தந்தது இசட் துகள். 1989 முதல் 2000 வரை அதே சுரங்கத்தில் ஓடிய லெப் இயந்திரம் அதன் நிறையை, சுமார் 91 ஜி.இ.வி. என்று, மிகத் துல்லியமாக அளந்து வைத்திருந்தது. இசட் சிதைந்து வரும் எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியைக் கூட்டிப் பார்த்து அந்த எண் வந்தால் தராசு சரி.

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போன்ற துகள் அறிவிக்கப்பட்டதற்கு முக்கியமான ஒரு சான்று, இரண்டு போட்டான்களில் 125 ஜி.இ.வி. அருகே தெரிந்த சின்னப் புடைப்பு. படிகத்தின் மங்கலைத் திருத்தாமல் விட்டிருந்தால் அந்தப் புடைப்பு பரந்து, பின்னணியில் கரைந்திருக்கும்.

கண்டுபிடித்தவர்கள் பெயர் வரலாற்றில் நிற்கும். 40 நிமிடத்துக்கு ஒரு முறை தேய்மானம் எழுதியவர்களை யார் நினைக்கிறார்கள்? கணக்குப்பிள்ளை ஆகப்போகிறவன் என்பதால் எனக்கு அவர்கள் மேல் தனிப் பாசம்.

தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.