பாட்டியின் அஞ்சறைப் பெட்டியும் ஹெச்டிஆரும்

பாட்டியின் அஞ்சறைப் பெட்டியை விஷ்ராந்த்வாடி வீட்டு ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்தேன். மூடி சரியாக வந்தால் உள்ளறைகள் ஒரே கருப்பு. அறைகள் தெரிந்தால் மூடி வெளுத்துப் போகிறது.

இந்தத் தலைவலி பழசுதான். 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ க்ரே கடலுக்கொன்று, வானத்துக்கொன்று என இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் ஒளியளவைக் கணக்கிடும் வழியை 1997-ல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்டார்கள். (மாலிக் பிறந்தது மதுராவில், மதுரை இல்லீங்க!) இன்றைய ஹெச்டிஆருக்கு அது முக்கியமான அடித்தளம்.

நானும் ட்ரைபாடில் மூன்று படம் எடுத்தேன்: நடுவாக ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று. சேர்த்ததும் மஞ்சள்தூள் கறைகூடத் தெரிந்தது. ஆசை விடுமா? டோன் மேப்பிங்கை இன்னும் ஏற்றினேன். கைபட்டு வழவழப்பான மரம் காய்ந்த விறகு மாதிரி ஆகிவிட்டது. "இது நம்ம பெட்டி இல்லடா" என்றார் அம்மா.

இறந்துபோன மகன் ராஜாவின் பெயரில் தினகர் கேல்கர் இதே புனேயில் அமைத்த அருங்காட்சியகத்திலும் பாக்குவெட்டி, விளக்கு, மரக்கதவு என்று வீட்டுச் சாமான்கள்தான் ஏராளம். புழங்கிய தடம் போனால் அவற்றில் என்ன மிச்சம்?

டோன் மேப்பிங்கைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். மிளகு அறை கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கிறது. அம்மா அந்தப் படத்தைத்தான் சித்திக்கு அனுப்பச் சொன்னார்.